கோடு விழுந்த படம்

கடைசிவரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், கண்ணுகளா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் வருகிற குழந்தை இப்போது இல்லை.

அவளுடைய அப்பாவுக்குச் செருப்புப் பட்டறையில் அளவெடுக்கிற வேலை. வளைந்த கால், வீங்கிய கால் என்று வருகிறவர்களுக்கு அவர் நாடா பிடிப்பதில்லை. காலின் மேல் புரொஜெக்டரால் கறுப்பும் வெளிச்சமுமாகக் கோடுகளை விழவைத்து, சாதாரண கேமராவில் படமெடுப்பார். மேடு வந்த இடத்தில் கோடு வளையும். அந்த வளைவை வைத்தே கம்ப்யூட்டர் மேடுபள்ளத்தைக் கணக்குப் போட்டுவிடும். பிறகு எந்திரம் அதே காலை பிளாஸ்டிக்கில் செய்து கொடுக்கும்; அதன்மேல் வைத்துத்தான் செருப்பு தைப்பார்கள்.

புது புரொஜெக்டர் வந்தபோது வீட்டில் மகளை உட்காரவைத்து, அவள் முகத்தில் கோடுகளை விழவைத்துச் சோதித்துப் பார்த்தார். வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள்.

“ஆடாதடி வாலு.”

“நான் வரிக்குதிரைப்பா! புல்லு போடு!”

படத்தைப் பார்த்த மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்னங்க இது, பெத்த புள்ளைய ஜெயில் கம்பிக்குப் பின்னால வெச்ச மாதிரி? கோட்டை எடுத்துட்டு அழகா ஒண்ணு கொடுங்க.”

கோடுகளை நகர்த்தி நகர்த்தி எடுத்த படங்களை ஒன்றாகக் கலந்தால் கோடு மறைந்துவிடும். அப்படியே செய்து, சட்டம் போட்டு மாட்டினார். கோடு விழுந்த படங்களை அழித்துவிட்டார்.

அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சல் வாலுவைக் கொண்டுபோய்விட்டது.

ஒருநாள் மனைவி பட்டறைக்கே வந்து நின்றாள். அலமாரி நிறைய யார் யாருடைய கால்களோ.

“ஊரார் காலையெல்லாம் செய்றீங்க. என் புள்ள முகத்தை ஒருதடவை செஞ்சு கொடுங்க. தடவிப் பாத்துட்டுத் தந்துடறேன்.”

“கோடு இருந்தாத்தான்மா மூக்கு எது, கன்னம் எதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதைத்தான் எடுத்துட்டேனே.”

“யாரு எடுக்கச் சொன்னாங்க?” என்று சீறினாள். சீறிய பிறகுதான் நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கேமராவைத் துழாவினார். ஒரே ஒரு படம் அழிக்காமல் கிடந்தது. கெட்டுப்போனதென்று கலவையில் சேர்க்காமல் விட்ட படம். கோட்டைப் பிடிக்க வாலு கையை நீட்டியிருந்தாள். கோடெல்லாம் அந்த உள்ளங்கையில் விழுந்திருந்தது. முகம் கையின் நிழலில் இருட்டாக இருந்தது.

கையைச் செய்து கொடுத்தார். புறங்கை கிடையாது. கேமரா பார்த்த பக்கம் மட்டும்தான். விரல்கள் எதையோ பிடிக்கப் போவதுபோல் லேசாக மடங்கி.

மனைவி அந்த உள்ளங்கையில் தன் சுட்டுவிரலை வைத்தாள்.

“பிடிச்சுக்கோடி,” என்றாள்.

வைத்த விரலை எடுக்கவில்லை, கண்ணுகளா. காத்துக்கொண்டே இருந்தாள்.