தீர்ந்துபோன ‘ணு’

பாகிஸ்தானில் ராணுவம் ஆட்சிக்கு வந்த கதையை எழுத, குமாஸ்தா தேவநேசனுக்கு எட்டு மாதம் பிடித்தது. அரசியல்வாதிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு, விலக்கிவிட ராணுவத்தை அழைத்தார்கள். ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது’ என்று முடித்திருந்தார். முதல் கட்டுரை. 1962 மார்ச் இரண்டாம் தேதி அச்சாவதைப் பார்க்க, லீவு போட்டுவிட்டுப் ரங்கூனின் பபேடான் பகுதியில் இருந்த தமிழ்ப் பத்திரிகை அச்சகத்துக்குப் போனார்.

அங்கே அச்சுக்கோப்பவர் குப்புசாமி அந்தக் கட்டுரையைப் பிரித்து, ஈய எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னய்யா அநியாயம் இது?”

“கோவிச்சுக்காதீங்க சயா.” பர்மாவில் ‘ஐயா’வுக்குச் ‘சயா’. “ரேடியோ கேக்கலியா? விடியக்காலையில இங்கயும் ராணுவம் வந்துடுச்சு. முதல் பக்கம் பூரா அதுதான். ‘ராணுவம்’னு கோக்க நம்மகிட்ட இருக்கறதே நாப்பது ‘ணு’. முப்பத்தொண்ண நீங்க பாகிஸ்தானுக்குக் குடுத்துட்டீங்க.”

“அப்போ என் கட்டுரை?”

“இந்த ராணுவம் போனதும் போட்டுடலாம்.”

தேவநேசன் சட்டைக்கையை மடித்துவிட்டு, மீதி ‘ணு’க்களைத் தானே பொறுக்கிக் கொடுத்தார். பிடாரி வரியில் ‘ணு’ இல்லை. அது மட்டும் பிரிபடாமல் கிடந்தது.

குப்புசாமி அதைப் பார்த்தார். “முதல் பக்கத்து அடியில ஒரு வரி இடம் இருக்கு சயா. வச்சுடட்டுமா?”

தேவநேசன் வாசலை எட்டிப் பார்த்தார்.

“வையும். பேர் வேண்டாம்.”