சர்க்கரை இல்லாத மூன்று நாள்

பதினாறு வருடம் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தவன் சுஃப்யான். அந்தப் பதினாறு வருடத்தில் வகுப்பு முடிந்த பிறகு ஒரு பிள்ளைகூட அவன் முன்னால் உட்கார்ந்திருந்ததில்லை. வகுப்பு முடியும்வரை இருந்தவர்களே குறைவு. வருகைப் பதிவு எடுத்த கையோடு பாதிப் பேர் பின்கதவு வழியாக நழுவிவிடுவார்கள். போன ஜூன் மாதம் துறைத் தலைவர் டாக்டர் முஃப்லிஹ் அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, மாணவர்கள் எழுதிக் கொடுத்த கருத்துத் தாள்களை எடுத்து நீட்டினார். சுஃப்யான் இரண்டு தாளைப் படித்துவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இரண்டிலும் தூக்கம் என்ற வார்த்தை இருந்தது.

தூக்கம் வருகிறது என்று புகார் சொன்ன பிள்ளைகளுக்குக் காப்பிக் கடை திறப்பது என்று அவன் முடிவெடுத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

அவன் மனைவி ஹனாதி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் நிரூபிக்காமல் நம்ப மாட்டாள். அவளுடைய அண்ணன் நடத்தும் டியூஷன் சென்டரில் ரசாயனத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த ஊரில் வாரத்தின் கடைசி வேலை நாளான வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கடைக்கு இடம் பார்த்தாகிவிட்டது என்று சுஃப்யான் அறிவித்த அன்று அவள் சண்டை போடவில்லை. மகன் பெயரைச் சேர்த்து 'ஜாத்தின் அப்பா' என்று எப்போதும்போல் மரியாதையாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அபூ ஜாத், நான் வேற எதுவும் கேக்கல. இந்த ஒரு வாரத்துல, ஒரே ஒரு புள்ள, அதுவா வந்து, ஒரு மணி நேரம் உங்க முன்னாடி உக்காந்திருக்கட்டும். அப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன். இல்லேன்னா வியாழக்கிழமை ராத்திரி அண்ணனுக்குப் போன் போடறது நீங்கதான்."

ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாள் பூரா உட்கார வைக்கிறேன் என்றான் அவன். வாய்தான் அவனுக்கு எப்போதும் முதல் எதிரி.

காப்பியைப் பற்றி அவன் ஆறு மாதமாக இணையத்தில் பார்க்காத வீடியோ இல்லை. எத்தியோப்பியாவில் எந்த மலையின் எந்தச் சரிவில் விளைந்த கொட்டை என்பதுவரை ஒப்பிப்பான். தண்ணீருக்கு வெப்பமானி, தூளுக்குத் தராசு, வடிக்கக் கண்ணாடிக் குடுவை என்று ஆய்வுக்கூடத்தையே கடைக்குள் கொண்டு வந்துவிட்டான். கடைக்குக் 'கரைசல்' என்று பெயர் வைத்தான். சர்க்கரைக்கு மட்டும் கடைக்குள் அனுமதி இல்லை. நல்ல காப்பியில் சர்க்கரை போடுகிறவன் ஆய்வுக்கூடத்தில் பீக்கரை நக்குகிறவனுக்குச் சமம் என்று ஹனாதியிடமே சொன்னான். மூன்று கரண்டி போட்டுக் குடிக்கிறவள் அவள்.

இர்பித் நகரத்தின் பல்கலைக்கழகத் தெருவில், வடக்கு வாசலுக்கு எதிரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்தது. பெயர்ப் பலகை எழுதுகிறவன் இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றான். தலைநகர் அம்மானில் சொல்லி வைத்திருந்த நாற்காலிகளும் வந்து சேரவில்லை. பெரியப்பா மகன் உதவிக்கு வந்து, அவர்கள் குலத்தாரின் பொது மண்டபத்திலிருந்து நாற்பது வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளை ஏற்றி அனுப்பினான். குடுவைகளை வைத்த மேசை நடுவில் இருக்க வேண்டுமே என்று, நாற்காலிகளைச் சுவரோரமாக நான்கு பக்கமும் வரிசையாகப் போட்டான் சுஃப்யான். நாக்கு சுத்தமாக இருந்தால்தான் காப்பியின் ருசி தெரியும். அதற்காகத் தட்டுத் தட்டாகப் பேரீச்சம்பழம் வைத்தான். வடித்த காப்பியைச் சின்னஞ்சிறு கிண்ணங்களில் ஒரு வாய் அளவு ஊற்றித் தர ஏற்பாடு. கடைக்குப் பரக்கத், இறைவனின் அருள், வேண்டும் என்று ஹனாதி சொல்லியிருந்ததால் ஒலிபெருக்கியில் குர்ஆன் ஓதுதல் மெல்லிய குரலில் போய்க்கொண்டிருந்தது. பெரிய கடைக்காரர்கள் வீடியோவில் போட்டுக்கொள்கிற மாதிரி அவனும் கறுப்புச் சட்டை போட்டிருந்தான். மூன்று நாள் தூக்கமில்லாமல் வேலை பார்த்ததில் சவரம் செய்யவில்லை, கண்ணும் சிவந்திருந்தது. இந்தக் கோலத்தில் வாசலில் நின்று, வருகிறவர்களைக் கைகொடுத்து வரவேற்றான். முதல் மூன்று நாளைக்குக் காப்பி இலவசம் என்று இணையத்தில் போட்டிருந்தான். அதைப் பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒன்று ஹனாதி.

முதலில் ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்தது. அவனுடைய பழைய மாணவி லுஜைன். உள்ளே ஒரு பார்வை பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாள். ஓரமாக உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழம் தின்று, காப்பியைக் குடித்து, போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தை ஆட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அரை மணி நேரத்தில் கூட்டம் வர ஆரம்பித்தது. பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் கைப்பேசியை எடுக்கவில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி கைகொடுத்தார்கள். அவனும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பதில் சொன்னான். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் இருக்கவில்லை. ஆனாலும் அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் காட்டிய பணிவை அவன் பதினாறு வருடத்தில் பார்த்ததில்லை.

"காப்பிய எப்படி மதிக்கறாங்க தெரியுமா? ஊசி விழுந்தா கேக்கும்," என்று ராத்திரி ஹனாதியிடம் சொன்னான். எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று அவள் கேட்டாள். நாளை உட்காருவார்கள் என்றான்.

மறுநாள் டாக்டர் முஃப்லிஹே வந்தார். வாசலிலேயே சுஃப்யானை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நமக்குள்ள இருந்ததெல்லாம் மறந்துருங்க சுஃப்யான். இந்த நேரத்துல அதெல்லாம் ஒண்ணுமே இல்ல," என்றார்.

சுஃப்யான் பெருந்தன்மையாக அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தான். ஒரு வாய்க் காப்பி குடிக்கும் முன்பே மனிதர் இறங்கி வந்துவிட்டார், குடித்தால் என்ன ஆவாரோ என்று நினைத்துக்கொண்டு, தன் கையாலேயே கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தான். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவன் எதையும் ஊற்றியதில்லை.

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு ஹனாதி கடைக்கு வந்தபோது, படிக்கட்டில், கடைக்கு மேலே மாடி வீட்டில் இருக்கும் உம் சய்ஃப் எதிர்ப்பட்டாள். அவளுடைய இரண்டு மகன்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, சோறும் ஆட்டுக்கறியும் மேலே தயிர்க் குழம்புமாக ஒரு பெரிய மன்சஃப் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உம் சய்ஃப் ஹனாதியின் கையைப் பற்றிக்கொண்டாள். வயிற்றைக் காயப்போடாதே, மூன்று நாளைக்கும் உன் வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அழுதாள்.

மகனுக்கு என்ன ஆச்சோ, அம்மாவுக்கு என்ன ஆச்சோ என்று ஹனாதி பதறிக்கொண்டு கடைக்குள் ஓடினாள். உள்ளே சுஃப்யான் மாப்பிள்ளை மாதிரி பூரித்துப்போய் நின்றான். டாக்டர் முஃப்லிஹ் வந்தார் தெரியுமா, கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார் தெரியுமா என்று ஆரம்பித்தான்.

அவள் சுவரோரத்து நாற்காலிகளைப் பார்த்தாள். பேரீச்சம்பழத் தட்டைப் பார்த்தாள். ஓதுதலைக் கேட்டாள். ஒரு கிண்ணத்தை எடுத்து அந்தக் கசப்புக் காப்பியை ஒரு வாய் குடித்தாள். பிறகு கணவனின் கறுப்புச் சட்டையிலிருந்து தாடிவரை பார்வையை மெதுவாக ஏற்றினாள்.

"அபூ ஜாத், இங்க யாரு செத்தது?" என்றாள்.

சொல்லிவிட்டு நாற்காலியில் விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். குலுங்கிய தோளைப் பார்த்து, அப்போது உள்ளே வந்த இரண்டு பையன்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்து, அவளிடமும் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சுஃப்யானுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. எத்தனை துக்க வீட்டில் இதே மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்து, இதே போலக் கசப்புக் காப்பி குடித்திருக்கிறான். இந்த ஊரில் ஆட்களை வரிசையாக உட்கார வைத்துச் சர்க்கரை இல்லாத காப்பியை எதற்குக் கொடுப்பார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆறு மாதம் வீடியோ பார்த்த மேதைக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பணிவெல்லாம் காப்பிக்கு இல்லை. அந்தக் கட்டிப்பிடிப்பும் தனக்கு இல்லை, யாரோ பெயர் தெரியாத பிணத்துக்கு. இதை நினைத்ததும் அவனுக்கு உண்மையாகவே துக்கம் வந்துவிட்டது. பதினாறு வருடத்தில் முதல்முறையாகப் பிள்ளைகள் அவனைத் தேடி வந்தார்கள். அதுவும் அவன் வீட்டில் சாவு விழுந்தது என்று நம்பி.

"அண்ணன் நம்பரக் குடு. வியாழக்கிழமவரைக்கும் எதுக்கு?" என்றான்.

ஹனாதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடுக்கறேன். ஆனா அவ்வளவு பேரு வந்து துக்கம் கேட்டுட்டுப் போயிருக்காங்க. செத்தது யாருன்னு சொல்லணும்ல? அது ஒரு மரியாத."

அன்று சாயங்காலம் இருவருமாக மன்சஃபைத் தின்றார்கள். பாதித் தட்டு காலியானபோது அவன் ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கினான். மூன்றாம் நாள் காலை, தெருவில் மரண அறிவிப்பு ஒட்டுவது போலவே கறுப்புக் கரை போட்ட அந்தத் தாள் கடை வாசலில் ஒட்டியிருந்தது.

'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது: ரசாயன ஆசிரியர் சுஃப்யானோடு கூடவே வளர்ந்து, அவர் வகுப்பில் பலரையும் தூங்க வைத்த அவருடைய மேதாவித்தனம், கடந்த இரண்டு நாளாக இந்தக் கடையில் இழுத்துக்கொண்டிருந்து நேற்று மத்தியானம் காலமானது. துக்கம் விசாரிக்க வந்த அனைவருக்கும் நன்றி. மூன்று நாள் துக்கம் இன்றோடு முடிகிறது. இது காப்பிக் கடை. சர்க்கரை உண்டு.'

தெருவில் கூடி நின்று படித்தார்கள், படம் எடுத்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளே மட்டும் யாரும் வரவில்லை. டாக்டர் முஃப்லிஹ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். சுஃப்யானை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த முதுகு சுஃப்யானுக்கு நன்றாகப் பழக்கப்பட்டதுதான்.

மத்தியானத்துக்கு மேல் லுஜைன் வந்தாள். ஹனாதி கல்லாவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சுவரோரத்திலிருந்து எடுத்து வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்த லுஜைன், பெரிய கோப்பை ஒன்றில் ஒன்று, இரண்டு, மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினாள். சுஃப்யான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சார், மொதல்ல பாத்தது நான்தான். சுஃப்யான் சார் வீட்ல துக்கம்னு குரூப்ல போட்டதும் நான்தான்," என்றாள். "ரெண்டு வருஷம் உங்க வகுப்புல பத்து நிமிஷத்துக்கு மேல இருந்ததில்ல. கடைக்குள்ள உங்க மூஞ்சியப் பாத்தப்ப, ஐயோ, ஒரு நாளாவது முழுசா இருந்திருக்கலாமேன்னு மனசு கஷ்டமாயிடுச்சு."

அவன் எதிரே வந்து உட்கார்ந்தான். அவள்தான் பேசினாள். வீட்டைப் பற்றி, பேருந்து நெரிசலைப் பற்றி, இரண்டு தடவை தேறாத ரசாயனத் தாளைப் பற்றி. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"இந்தக் காப்பியில ஒரு புளிப்பு தெரியுதில்ல, அது எதனாலன்னா, அந்த மலைச் சரிவுல..." என்று ஆரம்பித்தான்.

லுஜைனின் கை தோள்பையின் வாரைத் தேடிப் போனது. கல்லாவிலிருந்து ஹனாதி ஒரு தடவை இருமினாள். சுஃப்யான் பாதி வாக்கியத்தில் வாயை மூடினான். சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இன்னொரு கரண்டி போட்டுக்கம்மா," என்றான்.

அவள் பையை விட்டுவிட்டுச் சிரித்தாள். கைப்பேசியை எடுத்துத் தோழிகளிடம் பேசினாள். "இங்க வாங்கடி. சார் வீட்ல யாரும் சாகல. நான் இன்னும் கொஞ்ச நேரம் இங்கதான் இருப்பேன்."

ஹனாதி கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.