முடிச்சில்லாத ஜன்னல் துணி

என் கையில் எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பேன். லிஃப்டில் முன்னால் நிற்கிறவளின் துப்பட்டாவைத் திருப்பிப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். துணிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங் பார்த்த கை, சும்மா இருக்காது. முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாகக் காட்டிவிடலாம், தைத்தவளின் யோக்கியதை பின்பக்கத்தில்தான் தெரியும் என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குப் பாடம் எடுப்பேன். வீட்டிலும் அதையே பேசிப் பேசி என் தங்கைக்குக் காது புளித்துவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளும் நானும் ஒரு பஸ் டூரில் சேர்ந்தோம். ஐந்து நாள், இருபது பேர். வாயிலிருந்து மைக்கை எடுக்காத கைடுக்கு முதல் நாளே 'மைக்செட்' என்று பெயர் வைத்துவிட்டாள் தங்கை. எங்கள் முன் சீட்டில் ஒரு பேராசிரியை. நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். துணிக் கம்பெனி என்றேன்.

"நல்லதாப் போச்சு. என் பிளவுஸ் ஒண்ணு டைட்டா இருக்கு, கொஞ்சம் பிரிச்சுக் குடுக்கறீங்களா?" என்றார்.

பிரித்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு இரண்டு நாள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். எனக்கும் ஒரு நேரம் வரும், அப்போது நான் யார் என்று காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டே வந்தேன். இதை மறைத்தால் பிறகு நடந்தது புரியாது.

மூன்றாம் நாள் மதியம் மைக்செட் எங்களை ஒரு எம்பிராய்டரி கடையில் இறக்கினான். மெயின் ரோட்டை ஒட்டிய ஓட்டு வீடு, முன்னறைதான் கடை. ஆறு வீட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள், எல்லாமே கைவேலை, வாரத்துக்கு இரண்டு முறை நம் பஸ் மட்டும்தான் இங்கே நிற்கும் என்று ஒரு பிரசங்கம் செய்தான். உள்ளே இரண்டு நீள மேஜைகளில் துணிகள் அடுக்கியிருந்தன. ஜன்னலடியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை நூல் சுற்றிக் கட்டியிருந்தாள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

துணிகள் அழகுதான். கொடியும் பறவையுமாக, கண்ணை எடுக்க முடியவில்லை. விலையும் அதற்கேற்ற மாதிரி இருந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாங்கலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது பேராசிரியை என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்களேன். உங்களுக்குத்தானே தெரியும். இது நிஜமாவே கைவேலையா?"

என் நேரம் வந்துவிட்டது. பறவை போட்ட துணியை வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி வெடுக்கென்று திருப்பினேன். பின்பக்கமும் அதே பறவை. ஒரு முடிச்சு இல்லை, ஒரு நூல் நுனி இல்லை, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவிய இழை இல்லை.

"மெஷின்" என்றேன்.

அறை அமைதியானது. அந்த அமைதி எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

"கையால போட்டா பின்னாடி முடிச்சு இருக்கணும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரியா இருந்தாலும் இருக்கும். மெஷினுக்கு அடியில இருக்கற பாபின்லயும் மேல இருக்கற அதே கலர் நூலைப் போட்டு ஓட்டினா பின்பக்கம் இப்படித்தான் வரும்."

அந்தப் பெண் ஊசியைச் சட்டத்தில் குத்திவிட்டு எழுந்தாள். "மெஷின் இல்லம்மா, கைதான். இது ஜன்னலுக்குப் போடற துணி. அதனால ரெண்டு பக்கமும்…"

"இருபத்தாறு வருஷம் இதே வேலைதாம்மா பாத்தேன். எனக்கேவா?" என்றேன். "முன்னாடி ஒருத்தர உக்கார வச்சு ஊசி கோக்க விடுவாங்க, பின்னாடி ரூம்ல மெஷின் ஓடும். எத்தனை பாத்தாச்சு!"

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் அந்தப் பறவையின் மேல் இருந்தது. மெஷின் எம்பிராய்டரி தொட்டால் விறைப்பாக இருக்கும், அட்டை மாதிரி. இது குழைந்தது. என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு விநாடி நிறுத்தி, "இருங்க, இன்னொரு தடவ பாக்கறேன்" என்று சொல்லியிருக்கலாம். பதினெட்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் துணியை மேஜையில் போட்டேன்.

மற்றவர்களும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார்கள். அந்தப் பெண் யாரையும் தடுக்கவில்லை. கலைந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான். மைக்செட் என் காதருகே வந்து, "நிச்சயமா மேடம்? கைவேலைன்னு பொய் சொல்லி வித்தா அந்தக் கடையில நிறுத்தக் கூடாதுன்னு கம்பெனி ரூல். நான் ஆஃபீசுக்குச் சொல்லியாகணும்" என்றான்.

"தாராளமா சொல்லுங்க" என்றேன்.

பஸ்ஸில் எனக்கு ராஜ மரியாதை. பேராசிரியை என்னை 'மேடம்' என்றார். ஆளாளுக்குத் தாங்கள் வாங்கிய சால்வையையும் பையையும் நீட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் அவள் தன் பையிலிருந்து அந்தப் பறவைத் துணியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். எல்லோரும் பஸ்ஸில் ஏறிய பிறகு, செருப்பை மறந்தவள் மாதிரி திரும்பிப் போய் வாங்கியிருக்கிறாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"அந்தம்மா மூஞ்சியப் பாக்க முடியலக்கா."

எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் கைப்பையைத் திறந்து நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை எடுத்தேன். மெஷின் தையலில் எப்போதும் இரண்டு நூல் இருக்கும், மேலே ஒன்று, அடியில் பாபின் நூல் ஒன்று. ஓரிடத்தில் வெட்டி இழுத்தால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து வரும். சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரிகிற சோதனை, கடையிலேயே கேட்டு ஒரு ஓரத்தில் பிரித்துப் பார்த்திருக்கலாம். பறவையின் இறக்கையில் வெட்டி இழுத்தேன்.

ஒரே நூல். மேலே போனதும் கீழே வந்ததும் ஒரே நூல். அதன் நுனி முடிச்சில்லாமல் மற்ற இழைகளுக்கு நடுவே புகுந்து, அவற்றோடு ஒன்றாகப் படுத்திருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு இடத்தில் வெட்டினேன். எல்லா இடத்திலும் அதேதான். வெட்ட வெட்ட இறக்கைதான் பாழானது.

"என்னக்கா?"

"கைவேலை" என்றேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. "அங்கயே தெரியும்டி. தொட்டவுடனே தெரிஞ்சுது. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க, வாயை மூட முடியல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வெட்டுப்பட்ட துணியை மடித்து என் தலையணை மேல் வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பஸ். ஆறரைக்கே ஒரு வாடகை வண்டி பிடித்து அந்தக் கடைக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். பின்னறைக் கதவு இப்போது திறந்திருந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் காயும் துண்டு. மெஷின் இல்லை.

"நேத்து நான் சொன்னது தப்பு" என்று துணியை நீட்டினேன். "இது கைவேலைதான். மன்னிச்சுக்கம்மா."

அவள் வெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க? கைவேலைன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

அவள் ஜன்னலடியில் உட்கார்ந்து அதே நிற நூலைக் கோத்தாள்.

"ஜன்னல்ல தொங்கற துணிம்மா. உள்ள இருக்கறவங்களுக்கும் நல்லா தெரியணும், தெருவுல போறவங்களுக்கும் நல்லா தெரியணும். அதனாலதான் எங்க ஆறு வீட்டுலயும் முடிச்சே போட மாட்டோம். நுனிய உள்ளயே விட்டு மேல தச்சிடுவோம். நேத்து இதத்தான் சொல்ல வந்தேன், நீங்க விடல."

அரை மணி நேரத்தில் இறக்கையைச் சரிசெய்து என் கையில் கொடுத்தாள். பழக்க தோஷம். வாங்கியவுடனே என் கை அதைத் திருப்பிவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, நல்லா பாருங்க" என்றாள்.

எந்த இடத்தில் வெட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வேகத்தில், "பஸ் இந்த வழியாத்தான் போகும். இன்னைக்கு நிறுத்த வைக்கறேன். எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவள் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். "நிக்குமா? அப்ப மத்த வீட்டுலயும் சொல்லி எல்லாத்தையும் எடுத்து வைக்கறேன்."

லாட்ஜுக்குத் திரும்பி பஸ்ஸில் ஏறியதும் மைக்செட்டிடம் தப்பாகச் சொல்லிவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "அனுப்பறேன் மேடம். ஆனா நேத்து நீங்க சொன்னத ஆஃபீஸ்ல உடனே நம்பிட்டாங்க, இத நம்புவாங்களான்னு தெரியல. இன்னைக்கு நிக்கணும்னா பாதிப் பேராவது சரின்னு சொல்லணும், வண்டி ஏற்கெனவே லேட்டு" என்று மைக்கை என்னிடம் நீட்டினான்.

நேற்று மைக் இல்லாமலே கணீரென்று பேசியவளுக்கு இன்று மைக் இருந்தும் குரல் எழும்பவில்லை. "நேத்து கடையில நான் சொன்னது தப்பு. அது கைவேலைதான். பிரிச்சுப் பாத்தேன், ஒரே நூல்தான் இருக்கு. எல்லாரும் சரின்னு சொன்னா அங்க ஒரு பத்து நிமிஷம் நிறுத்தலாம்."

துணி கை மாறி கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் திருப்பிப் பார்த்தார்கள். எங்கும் ஒரு வெட்டு இல்லை, ஒரு முடிச்சு இல்லை. நேற்று நான் சொல்லிக்கொடுத்தபடியே பார்த்தார்கள்.

"இதுல எங்க பிரிச்சீங்க? முடிச்சே இல்லையே மேடம். நேத்து நீங்கதானே சொன்னீங்க?" என்றார் பேராசிரியை. பிறகு குரலைத் தாழ்த்தி, "காலைல அங்க போயிருந்தீங்களா? அந்தம்மா அழுதாங்களா?"

பின்னால் ஒருவர், "பாவம் பாத்துச் சொல்றாங்க. நல்ல மனசு" என்றார். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பாவம் பார்க்கவில்லை, நேற்றே எனக்குத் தெரியும், உங்கள் எதிரில் பெரிய ஆளாகத் தெரிவதற்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். பேராசிரியை கனிவோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"முக்கியமானதச் சொல்லலையே நீ" என்றாள் தங்கை.

நிறுத்தலாம் என்பவர்களை மைக்செட் கை தூக்கச் சொன்னபோது தங்கை தூக்கினாள், நான் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை. டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

தூரத்தில் ஓட்டு வீடு தெரிந்தது. மேஜைகளை வாசலுக்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மேஜை நிறையத் துணி, வாசலில் கட்டிய கயிறு நிறையத் துணி. ஆறு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நூல் சுற்றிய கண்ணாடிக்காரி சாலையோரம் வரை வந்து, பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை.

"நிமிந்து உக்காருக்கா" என்றாள் தங்கை. "அவங்க உன்னைத்தான் தேடறாங்க."

நான் நிமிர்ந்தபோது பஸ் வளைவைத் தாண்டிவிட்டது.