ஆறாவது ஜோடி

"ஊசிய விடும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

மைமு தன் அம்மா ரொசாலியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையுறையை வாங்கப் பார்த்தாள். ரொசாலிக்கு மூச்சு இரைத்தது, பிடி மட்டும் தளரவில்லை. கீனு தீவில் ஒரு பெண்ணின் கையிலிருந்து பின்னல் ஊசியைப் பிடுங்குவது, சாப்பிடுகிறவளின் தட்டைப் பிடுங்குவது மாதிரி. ரொசாலி மகளை முறைத்தாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் கிறிஸ்மஸ் பொறந்துடும். நட்சத்திரம் வந்தாச்சுன்னா ஜனவரி ஆறு, மூணு ராஜா திருநாள் வரைக்கும் இந்த வீட்ல யாரும் ஊசி தொடக் கூடாது. அதுக்குள்ள முடிக்கணும்டி."

"முடிக்கலைன்னா என்ன, குடியா முழுகிடும்?"

"என்னை வெறுங்கையோட தூக்குவாங்க. அதுதான் முழுகும்."

இந்தத் தீவில் ஒவ்வொரு பெண்ணும் தன் சவப்பெட்டியைச் சுமக்கப்போகிற ஆறு ஆண்களுக்கான கையுறைகளைத் தன் கையாலேயே பின்னி வைத்துவிட வேண்டும். ரொசாலியும் என்றோ பின்னிப் பெட்டியில் வைத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் மகன் யூஹானைத் தூக்கியவர்களுக்கு அதெல்லாம் போய்விட்டது. தாய் தனக்கென்று பின்னியதை மகனுக்காக எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு புதிதாகப் பின்ன அவளுக்கு மனசு வரவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில், உருளைக்கிழங்கு தோண்டி முடித்த கையோடு படுத்தாள். படகேறிப் போய்ப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வீடு திரும்பியவள் மருந்தைக் கேட்கவில்லை, கம்பளி நூலைக் கேட்டாள். வெளியே காற்று மரங்களை மொட்டையடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெள்ளையும் கருநீலமுமாகப் பின்னினாள். பக்கத்து வீட்டு சால்மெ வந்து வம்பிழுப்பாள். "மிஹ்கெலுக்கு மட்டும் பெருசாப் பின்னு ரொசாலி. அவன் கை பன்னித் தொடை மாதிரி இருக்கும்." ரொசாலி சிரிப்பாள். இந்த வருஷம் பேரன் பேத்தி யாருக்கும் கிறிஸ்மஸ் காலுறை கிடையாது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. யாரும் குறைப்படவில்லை.

ஐந்து ஜோடி முடிந்திருந்தது. ஆறாவதை மைமு இன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள். வலது கையுறையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. அந்த இடம் அடியோடு மூடித் தைக்கப்பட்டிருந்தது.

அப்படி ஒரு கை இந்தத் தீவில் ஒருவனுக்குத்தான் உண்டு. எவால்ட், மைமுவின் புருஷன்.

கூட்டுப் பண்ணையின் மீன்பிடிப் படகில் யூஹானும் எவால்டும் சேர்ந்து போனார்கள். நவம்பர் புயலில் யூஹான் தண்ணீரில் விழுந்தான். எவால்ட் மட்டும் திரும்பி வந்தான். யூஹானின் உடல்தான் பிறகு கரை ஒதுங்கியது. அடக்கம் முடிந்த அன்றே மைமு எவால்டின் துணிமணிகளை மூட்டை கட்டி வேலிக்கு வெளியே வைத்தாள். அன்றிலிருந்து அவன் துறைமுகத்தருகே ஓர் அறையில் கிடக்கிறான். கடையில் ரொட்டி வாங்க அவன் நின்றால் இவள் திரும்பிவிடுவாள்.

"அந்த ஆள் உன்னைத் தூக்கக் கூடாது."

"தூக்கப்போறவன் அவன். போறவ நான். நடுவுல நீ யாருடி?"

"அம்மா! யூஹானை விட்டுட்டு வந்தவன் அவன்."

ரொசாலி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் மைமு நினைத்தாள்.

"ரெண்டு விரல் அறுந்து போற வரைக்கும் கயித்த விடலடி மாப்பிள்ளை. எம் புள்ளைய அவ்வளவு நேரம் வேற யாரு பிடிச்சிருப்பாங்க?"

மைமு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கிறிஸ்மஸ் விருந்துக்குப் பன்றி ரத்தத்தோடு குடலில் அடைக்க வேகவைத்த பார்லியை வேண்டுமளவுக்கு மேல் கிளறினாள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அம்மா மேலும், அந்தக் கயிற்றின் மேலும். கைப்பிடியைத் துணியால் பிடிக்க மறந்து சுட்டுக்கொண்டாள். திரும்பி வந்தபோது ரொசாலியின் மூச்சு நின்றிருந்தது. ஊசிகள் மார்பின் மேல் கிடந்தன.

சால்மெ ஓடி வந்தாள். இருவரும் வெந்நீரில் துடைத்து, எடுத்து வைத்திருந்த துணியை உடுத்திவிட்டார்கள். சால்மெ கையுறைகளை அடுக்கிப் பார்த்தாள்.

"இடது கைல விரலுங்க மட்டும் பாக்கி" என்றாள். கொஞ்சம் தயங்கி, "என் பெட்டியில ஒரு ஜோடி இருக்கு. தரேன். வேற ஆளக் கூப்பிட்டுக்கலாம். யாரு கேக்கப் போறா?"

"அம்மா கேப்பா."

"இனிமே எங்கடி கேக்கப் போறா?"

மைமு ஜன்னலைப் பார்த்தாள். பனிமேல் வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. நாற்காலியை அம்மாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முடிந்த வலது கையுறையை முழங்காலில் விரித்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் பின்னினாள். அழுகை வந்தது. கண்ணைத் துடைத்தால் பின்னல் கண்ணி நழுவும், துடைக்காவிட்டால் கண்ணி தெரியாது. கை தன் பாட்டுக்குப் போயிற்று. நூலை அறுத்தபோது, வாசலில் நின்ற சால்மெ, "நட்சத்திரம் வந்துடுச்சு" என்றாள்.

"எவால்டுக்குச் சொல்லியனுப்புக்கா" என்றாள் மைமு.

கிறிஸ்மஸ் கழிந்து அடக்கம். வாசலிலிருந்து பாதை வரை ஊசியிலைக் கிளைகளைப் பரப்பியிருந்தார்கள். மைமு ஒவ்வொருவருக்காகக் கையுறை கொடுத்தாள். மிஹ்கெலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கடைசியில் எவால்ட் வந்தான். இளைத்துப் போயிருந்தான். வலது கையுறையை மாட்டினான், சரியாக இருந்தது. இடது கையுறைக்குள் கையை விட்டவன் நின்றான்.

மைமுவும் அப்போதுதான் பார்த்தாள். இடது கையிலும் இரண்டு விரல்களை மூடியிருந்தாள். முழங்காலில் இருந்ததைப் பார்த்து அப்படியே பின்னியிருக்கிறாள். அவனுடைய இடது கைக்கு ஐந்து விரலும் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததா? மூன்று ராஜா திருநாள் வரை ஊசியும் தொட முடியாது.

"தப்பாப் பின்னிட்டேன்" என்றாள். மூன்று வருஷத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. "குடு. சால்மெ அக்காகிட்ட வேற ஜோடி இருக்கு."

"இருக்கட்டும் மைமு."

நல்ல விரல்கள் இரண்டையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு அவன் கையுறையை இழுத்து மாட்டினான். அவனுக்குக் கிடைத்தது சவப்பெட்டியின் வலப்பக்கம், இடது கையால்தான் தூக்க வேண்டும். மிச்சமிருந்த மூன்று விரலால் பிடியைப் பற்றினான்.

பெண்கள் எல்லோரும் பெட்டிக்குப் பின்னால் வந்தார்கள். மைமு மட்டும் அவன் பக்கத்தில் நடந்தாள்.