மாமியார் பேரில் ஒரு வியாதி

"பாகல் டாக்டராண்ட, பைத்தியம் பாக்குறவங்களாண்ட கூட்டிகினு போறேன்னு இன்னொரு வாட்டி சொன்னே, இந்த வூட்ல எனக்கு சோறு வேணாம்!"

"மொதல்ல கத்தாதம்மா. பக்கத்து க்வார்ட்டர்ஸ்ல கேக்குது."

"கேக்கட்டும்டா! நீ கூட்டிகினு போனா ஊருக்கே கேக்கப் போவுது!"

பக்கத்து க்வார்ட்டர்ஸில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பூனாவில், கட்கி ஃபாக்டரிக் குடியிருப்பில் சுவர்கள் ஒற்றைச் செங்கல் அகலம். ஷபானா, சட்னி அரைபடாவிட்டாலும் பரவாயில்லை என்று மிக்சியையே நிறுத்திவிட்டிருந்தாள்.

சண்டை சரசாவுக்கும் அவள் மகன் ஜம்புவுக்கும். சண்டைக்குக் காரணமானவள் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். ஜம்புவின் மனைவி அம்சவேணி, பிள்ளை பெற்று ஐந்து மாதம். வாளி நிரம்பும், வழியும். பார்த்துக்கொண்டே இருப்பாள், குழாயை மூட மாட்டாள். குழந்தை அழுதால் யார் வீட்டு ரேடியோவோ பாடுகிற மாதிரி திரும்பிப் பார்ப்பாள். போன வாரம் ஜம்புவிடம், "தூங்குனா எழுந்துக்கவே வேணாம்னு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டாள். பயந்துபோன ஜம்பு தடுப்பூசி போடும் சிஸ்டரிடம் கேட்டான். வியாழக்கிழமைதோறும் மனநல டாக்டர் வருகிறார், உடனே கூட்டி வா என்றாள் அவள்.

போவதில் சிரமம் ஒன்றுமில்லை. ஃபாக்டரி ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிகிற அனந்தராமன்தான் சிரமம். நல்ல மனிதர், தமிழ்ச் சங்கத்துச் செயலாளர்; அவர் காதில் விழுந்த சேதிக்கு மட்டும் அங்கே தனியாக இருக்கப் பிடிக்காது. இந்தச் சமயம் பார்த்து கோர்படி ரயில்வே காலனியிலிருந்து ஜம்புவின் தங்கை ப்ரீதியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பொங்கல் கழித்துச் சொல்லி அனுப்புவதாகப் பேச்சு. அம்சவேணி அரக்கோணத்துப் பெண், ப்ரீதிக்கும் அவளுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. ஆனால் கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால் பைத்தியம் ஒரே சட்டியில் சமைத்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில் வழி சொன்னவளும் சரசாதான்.

"எம் பேர்ல போறேன். அம்பது வயசுப் பொம்பளைக்குத் தூக்கம் வரலன்னா எவன் கேக்கப் போறான்? மாத்திரைய வாங்கியாறேன், அவ முழுங்கட்டும்."

இது அந்தக் குடியிருப்பில் புதிதல்ல. அங்கே ஆளுக்கொரு மெடிக்கல் புக் உண்டு. ஊரிலிருந்து வந்த மச்சானின் இருமலை அப்பாவின் புக்கில் எழுதி மருந்து வாங்குவது நெடுநாள் பழக்கம். அதனால் சரசா மருமகளுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு. இன்னா இன்னா பண்ணுது உனுக்கு?"

அந்த வீட்டில் அம்சவேணியை யாரும் இப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. காப்பியடிக்கத்தான் கேட்டாள் என்றாலும் கேட்டாள். தூக்கமில்லை, குளிக்கத் தோன்றவில்லை, பிள்ளையைத் தூக்கினால் கை நடுங்குகிறது. சரசா மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை அனந்தராமன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்களுக்கா மாமி?" "தூக்கம் வரல அய்யிரே" என்றாள் சரசா. அவர் ஏமாற்றத்தோடு எழுதிக்கொண்டார்.

டாக்டர் ஒரு மராத்திப் பெண்மணி. இந்தியில் பேசினார். சரசாவின் இந்தி கத்தரிக்காய் பேரம் பேசுவதற்கென்று கற்றுக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்த மூன்றையும் ஒப்பித்தாள். வாளி வழிவதையும் சேர்த்துக்கொண்டாள்.

"வாளி வழியும்போது என்ன நினைப்பீர்கள்?"

அதை அம்சவேணி சொல்லியிருக்கவில்லை. சரசா கைவசம் இருந்ததைச் சொன்னாள்.

"நானும் இப்படியே வழிஞ்சு சாக்கடைல போயிட்டா இன்னான்னு."

"எப்போதிலிருந்து?"

ஐந்து மாதம் என்று சொல்ல வேண்டும். "ப்ரீதி பொறந்ததுலேந்து" என்றது வாய். டாக்டர் மகளின் வயதைக் கேட்டுக் கணக்குப் போட்டு, பேனாவைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷம். அப்புறம் இந்தி தீர்ந்துபோய்ச் சரசா தமிழிலேயே பேசினாள். அப்போது அவள் மாமியார் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தது, ஊருக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடித்தது, அதற்குப் பயந்தே சிரிக்கக் கற்றுக்கொண்டது. டாக்டருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் வெளியே வரிசை முணுமுணுக்கும் வரை கேட்டார். கடைசியில் மாத்திரை எழுதி, இந்தியில் கண்டிப்பாகச் சொன்னார்: "இது உங்களுக்கு. வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பால் கொடுக்கிறவளுக்கு ஆகவே ஆகாது."

பால் கொடுக்கிற மருமகளைப் பற்றி அவரிடம் சரசா சொல்லியிருக்கவில்லை. எத்தனை மாமியார்கள் அவரிடம் வந்து போனார்களோ!

வீட்டில் ஜம்பு கையை நீட்டினான். "குடும்மா, அவளுக்கு ஒண்ணு போட்டுடலாம்."

"இது அவளுக்கில்லடா. எனுக்கு."

"நீ சும்மாதானே போனே?"

"சும்மாத்தான் போனேன்" என்றாள் சரசா. தண்ணீர் எடுத்து ஒன்றை முழுங்கினாள்.

ப்ரீதி உள்ளேயிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "அப்ப அண்ணிய அடுத்த வாரம் அவ பேர்லயே கூட்டிகினு போவியா? என் ஷாதி இன்னா ஆவுறது?"

"கல்யாணம் நின்னா நிக்கட்டும்டி. உன்ன பெத்துட்டு நான் எப்படி இருந்தேன்னு யாருனா எழுதி வெச்சாங்களா? இவள எழுதட்டும்."

அடுத்த வியாழக்கிழமை சரசா மருமகளுக்குத் தலை பின்னி, குழந்தையை ஜம்புவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். கவுன்ட்டரில் இரண்டு புக்கையும் போட்டாள். அனந்தராமன் ஒன்றைப் பார்த்தார், மற்றொன்றைப் பார்த்தார்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான். ஒழுங்கா எழுதிக்கோ அய்யிரே. சாயங்காலம் சங்கத்துல சொல்லச்சொல்லோ பேர மாத்திடாதே."

வரிசையில் யாரோ இருமினார்கள். அம்சவேணி ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள் என்று ஷபானா சொன்னாள். அவள் அங்கே காதுவலிக்காக வந்திருந்தாளாம்.

கோர்படிக்காரர்கள் பொங்கலுக்கு முன்பே ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜாதகம் முதலிலேயே பார்த்ததுதான். ப்ரீதி அம்மாவோடு ஆறு மாதம் பேசவில்லை. அம்சவேணி தேறுவதற்கு ஒரு வருஷம் ஆயிற்று. பிறகு ஜம்புவுக்கு மாற்றல் வந்து குழந்தையோடு ஆவடிக்குப் போனார்கள். ப்ரீதி இரண்டாயிரத்து ஒன்றில் தன்னோடு வேலை பார்த்த கிருஷ்ணாவைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு கோந்த்வாவில் குடியேறினாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

கோர்படிப் பையனுக்கு நல்ல இடமாக, திருத்தணியில் முடிந்தது. அந்தப் பெண்ணுக்குத் தலைவலி என்றுகூட யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிரசவமாகி நாலாம் மாதம் அவள் அப்பா வந்து கூட்டிப்போனார். பெண் திரும்பி வரவில்லை. பூனாக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காலனியில் சொன்னார்கள்.

அவர் கூட்டிப்போனது மே மாதம்.