ஏரிக்கரை விடுதியில் ஓர் அறை

...இல்லை, இது வேண்டாம், படம் என்னவோ கண்ணைப் பறிக்கிறது, குன்றின் உச்சியில் மரவீடு, சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும் என்று எழுதியிருக்கிறார்கள், மேகம் வரும், சரி, மனுஷன் எப்படி மேலே ஏறுவது? கார் பாதி வழிவரைக்கும்தான், மீதிக்குப் படிக்கட்டு, அதை மட்டும் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவள் போனில் அந்தப் பக்கத்தை விரலால் தள்ளிவிட்டாள். மதியத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு யாரும் வருவதில்லை, முதலாளி சாப்பிடப் போயிருந்தார், சுவர் நிறைய ஃபிரேம்கள் முகமில்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாம் மகள் பண்ணுகிற வேலை, வெளியூரில் உட்கார்ந்துகொண்டு போனில் உத்தரவு, "அம்மா, இந்தக் கல்யாண நாளுக்காவது ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க, அப்பாவுக்கு இனிமே ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லியாச்சுல்ல?" டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். லிப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பவள் அவளல்லவா?

அடுத்தது, ஜோடிகளுக்கென்றே கட்டியதாம், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில், கட்டில்மேல் துண்டை மடித்து இரண்டு அன்னம் செய்து கழுத்தோடு கழுத்து சேர்த்து வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் ரோஜா இதழ். அவர் பார்த்தால் முதலில் கேட்பது, இதையெல்லாம் யாரு பெருக்கறது? அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே இருக்கையில் விரல் தானாக வரைபடத்தைத் திறந்து அங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று தேடியது... ம்ஹும், ரொம்ப தூரம். அதற்கடுத்த விடுதியில் அறை பெட்டிக்கடை மாதிரி இருந்தது, சன்னலுக்கு வெளியே லாரி நிறுத்தம், ஆனால் நேர் எதிரே பெரிய ஆஸ்பத்திரி, அதில்தான் அவள் வெகுநேரம் நின்றாள். அடச்சே, காதல் பயணத்துக்கு ஆம்புலன்ஸ் சத்தமா? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

ஏரிக்கரையில் ஒரு பழைய வீடு, சில அறைகள்தான், துறையில் ஒரு படகு, திரைச்சீலை காற்றில் உப்பியிருந்தது, அதைப் பார்த்ததுமே போன் போட்டுவிட்டாள், யோசித்தால் போடமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். எடுத்தது வீட்டுக்காரப் பெண்மணி, கலகலவென்ற குரல்.

"புதுசா கல்யாணம் ஆனவங்களா?"

"இல்லீங்க, ரொம்பப் பழசு."

அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப பெரிய கட்டிலா ஒண்ணு போடவா, இல்ல தனித்தனியா ரெண்டா?"

இதற்கு என்ன பதில்? அவர் ஆபரேஷன் முடிந்து வந்தபோது தூக்கத்தில் கை கால் பட்டுவிடப் போகிறதே என்று அவள்தான் மகளின் அறைக்கு மாறினாள், தையல் ஆறுகிறவரைக்கும் என்று... தையல் ஆறி எவ்வளவு காலம் ஆயிற்று, அவரும் வா என்று கூப்பிடவில்லை, இவளும் வரட்டுமா என்று கேட்கவில்லை, யார் முதலில் வாயைத் திறப்பது? "கேட்டுட்டுச் சொல்றேங்க," என்றாள். பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா என்றும் கேட்டாள். மெயின் ரோட்டுக்குத்தான் வரவேண்டும், செல்போனுக்கும் சரியாக சிக்னல் கிடைக்காது, அறையில் பழைய போன் ஒன்று இருக்கிறது என்று சொன்ன அந்தக் கலகலத்த குரல் தணிந்தது, "உடம்பு முடியாதவங்க யாராவது வர்றாங்களாம்மா?" இல்லை, சும்மா கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உடனே கணவருக்குப் போட்டாள், அவர் முதல் மணியிலேயே எடுத்தார், இப்போது கம்பெனியில் நாற்காலி வேலைதானே. ஏரிக்கரை வீட்டைச் சொன்னாள், ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை என்றும் சொன்னாள்.

"அதையே போடு."

"சிக்னலும் கிடையாதாங்க."

"ரொம்ப நல்லது. நீ ரெண்டு நாளாவது தூங்கு."

"நான் தூங்கிட்டுதானே இருக்கேன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி வந்து என் மூக்குகிட்ட கை வச்சுப் பார்க்கறியே... நான் முழிச்சுட்டுதான் இருப்பேன். நல்லா இழுத்து மூச்சு விட்டுக் காட்டுவேன். அப்பதானே நீ போய்ப் படுப்ப?"

எப்போதிலிருந்து, முதல் நாளிலிருந்தேவா, பூனை மாதிரிதானே போனாள், விளக்குகூடப் போட்டதில்லையே, அவள் வருவாள் என்று காத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாரா இந்த மனுஷன், அப்படியானால் தூங்காமல் இருந்தது அவள் ஒருத்தி மட்டும் இல்லையா? "ஏன் சொல்லல?" என்றாள். "சொன்னா நீ வர்றத நிறுத்திடுவியே," என்றார், அப்புறம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவசரமாக வைத்துவிட்டார்.

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பக் கூப்பிட்டாள். "கட்டில் ஒண்ணு போதுங்க." குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது, காலிக் கடையானாலும் வெட்கமாக இருந்தது. ஒரே கட்டில், அவர் நிஜமாகவே தூங்கிப்போவார், அவள் பக்கத்தில் படுத்திருப்பாள், அப்போது... இத்தனை நாளும் இருட்டில் அவள் கேட்டதெல்லாம் அவளுக்காக விட்ட மூச்சு, சரி, அசந்து தூங்கும்போது அவருடைய மூச்சு எப்படி இருக்கும், மெதுவாகவா, விட்டுவிட்டா, குறட்டை உண்டா? இவ்வளவு வருடம் பக்கத்தில் படுத்தவள்தானே... எவ்வளவு யோசித்தும் அந்தச் சத்தம் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.