பதிவேட்டில் உள்ள பாலம்

மாநகராட்சி கட்டாத பாலத்தில் மேயர் தினமும் காலை ஒன்பதரைக்கு வாய்க்காலைக் கடந்து போவார். தண்ணீருக்கு ஓர் ஆள் உயரம் மேலே, வெறும் காற்றில், செருப்புச் சத்தம் கேட்க நடப்பார். பின்னால் பொறியாளர், அவருக்குப் பின்னால், பாலம் கட்டி முடிந்தது என்று கோப்பில் கையெழுத்துப் போட்ட முப்பத்தாறு கவுன்சிலர்கள். கையெழுத்துப் போட்டவர்களைக் காற்று தாங்கியது. மற்றவர்கள் கால் வைத்தால் தொபுக்கென்று தண்ணீருக்குள் போனார்கள். முதல் வாரத்தில் பதினேழு பேரும் ஒரு சைக்கிளும் விழுந்ததோடு ஊருக்குப் பழகிவிட்டது.

பதினெட்டாவதாக விழுந்தவர் தணிக்கையாளர். அவர் தெரியாமல் விழவில்லை. எதையும் கண்ணால் பார்த்து, காலால் மிதித்த பிறகுதான் பச்சை மையில் சரிக்குறி போடுவார். சொட்டச் சொட்டக் கரையேறி, ‘பாலம் இல்லை’ என்று எழுதினார். தணிக்கையாளருக்குச் சரியாக நடக்கத் தெரியவில்லை என்று மாநகராட்சி பதில் எழுதியது. அவரை மாற்றவோ நீக்கவோ மேயருக்கு அதிகாரம் கிடையாது, சட்டம் அவ்வளவு கறார். அவர் எழுதுவதை மேயர் படித்தாக வேண்டும் என்று சொல்லத்தான் அந்தச் சட்டத்துக்கு மறந்துவிட்டது. அவர் எழுதினார், அவர்கள் அலமாரியில் வைத்தார்கள். மறு வருடம் மறுபடி எழுதினார், அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு அலமாரி வந்தது. சுவரோடு பேசினால்கூட எதிரொலியாவது வரும் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய அக்கா, தையல்காரி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தார். அக்காவுக்கு மூச்சிழுப்பு நோய். ஆம்புலன்ஸ் வரைபடத்தில் பாலம் இருந்தது, அதனால் வண்டி ஒவ்வொரு முறையும் நேராகக் கரைக்கு வந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி, ஊரைச் சுற்றிப் போகும். அப்படிச் சுற்றிய ஒரு நாளில் பக்கத்துத் தெரு ரொட்டிக் கடைக்காரர் செத்தே போனார். பதிவேட்டில் ஒரு பாலம் இருக்கும்போது அதே இடத்தில் இன்னொன்று கட்ட விதியில்லை. கோப்பில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. அது தணிக்கையாளருடையது.

“பெரிய மனுஷங்கல்லாம் நடக்கறாங்க, உனக்கு மட்டும் என்னடி வீறாப்பு?” என்று அக்கா கேட்டார். “போட்டுத் தொலையேன். எனக்கு முடியலன்னா அஞ்சு நிமிஷத்துல வந்துடுவ.”

“நான் போட்டா எனக்கு மட்டும்தான்க்கா பாலம். ஆம்புலன்ஸ்காரர் எந்தக் கட்டத்துல கையெழுத்துப் போடுவாரு?”

அடுத்த மாதமே அந்த நாள் வந்தது. போனில் அக்காவின் பேச்சு இல்லை, இழுப்புச் சத்தம் மட்டும். தணிக்கையாளர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கரைக்கு ஓடினார். பொறியாளர் அங்கே கோப்போடு நின்றிருந்தார்.

“ஒரு கையெழுத்து மேடம். அதோ வீடு தெரியுது. ஓடிடலாம்.”

தணிக்கையாளர் பேனா மூடியைக் கழற்றியும்விட்டார். அப்போது ஆம்புலன்ஸ் வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் இறங்கி, தண்ணீரைப் பார்த்து, தலையில் கை வைத்தார். ரொட்டிக் கடைக்காரருக்கும் வந்தவர் அவர்தான். தணிக்கையாளர் மூடியைத் திருகிவிட்டு வண்டியில் ஏறினார். “சுத்தியே போங்க,” என்றார். இருபத்தாறு நிமிடம். உதடு நீலம் பாரித்துக் கிடந்த அக்கா எப்படியோ பிழைத்துக்கொண்டார், ஆனால் மூன்று மாதம் தங்கையிடம் பேசவில்லை. தணிக்கையாளர் தன் சமையலறையில் உட்கார்ந்து ஆத்திரம் தீர அழுதார்.

அந்த வருட அறிக்கையில் இருபத்தாறு நிமிடத்தையும் எழுதினார். அலமாரிக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு கரையிலும் ஒட்டினார். அதைச் சட்டம் தடுக்கவில்லை, இத்தனை நாள் அவருக்குத்தான் தோன்றவில்லை. ஜனங்கள் கூடி நின்று படித்தார்கள். மறுநாள் மேயர் ஒரு சாண் கீழே நடந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அறிக்கைக்கும் காற்று இறங்கியது. ஐந்தாம் வருடம் கவுன்சிலர்களின் பாதம் நனைந்தது. மாநகராட்சி உடனே, பாலம் கட்டுவதற்குப் பதிலாக, நாற்பது ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கியது. தணிக்கையாளர் போய் எண்ணினார், முப்பத்தொன்றுதான் இருந்தது. அதையும் எழுதினார், இன்னொரு சாண். அக்கா கோபம் ஆறாமலே, தினமும் ஒன்பதரைக்கு ஒரு நாற்காலியும் தையல் டேப்புமாகக் கரையில் வந்து உட்கார ஆரம்பித்தார். கரையேறுகிறவர்களின் ஈரத்தை அளந்து எதிர்க்கரையில் நிற்கும் தங்கைக்குக் கத்துவார். யாரும் தடுக்கவில்லை, அளவெடுக்க நிற்பது அவர்களுக்கும் பழகிவிட்டது.

ஒன்பதாம் வருடம், மேயர் கோப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் நடந்து போய், பாலம் உறுதியாக இருக்கிறது என்று அந்தக் கரையில் அறிவித்தார்.

“இடுப்பத் தாண்டிருச்சுடி, எழுதிக்கோ,” என்று அக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டே கத்தினார். “சாப்பிட வந்துடு.”

தணிக்கையாளர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ஊரைச் சுற்றி இரண்டு மணி நேரம் நடந்து அக்கா வீட்டுக்குப் போனார்.